கீமோ முடித்தவர்களின் சிறுநீரகம் யார் கணக்கில்?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில், தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். மருத்துவர்களுக்கு மருத்துவம் சொல்லித்தரும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒருவரின் ரிப்போர்ட்டை அவருக்கும் முன்னால், அவருடைய டாக்டருக்கும் முன்னால் பார்க்கிறவன் நான். அப்படிப் பார்த்ததில் மனதை விட்டுப் போகாத ஒரு விஷயத்துக்காகத்தான் இந்த மடல். புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்துக் குணமானவர்களை உங்கள் சிறுநீரகப் பரிசோதனைத் திட்டத்துக்குள் தனியாகக் கவனித்துச் சேர்க்க வேண்டும். அவர்களுக்குச் சிறுநீரை மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்தத்தையும் பார்க்க வேண்டும். கோரிக்கை இவ்வளவுதான். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

எங்களிடம் ரத்தம் கொடுக்க வரும் ஒரு அம்மா இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரையும் ஊரையும் மட்டும் விட்டுடுங்க தம்பி" என்றார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஐந்து வாரம் கரண்ட் (கதிர்வீச்சு), கூடவே வாரத்துக்கு ஒரு கீமோ, அப்புறம் உள்ளே வைத்துக் கொடுக்கும் கரண்ட் என்று எல்லாவற்றையும் முடித்து மூன்று வருடம் ஆகிறது. நோய் திரும்பவில்லை. முட்டி வலிக்காகப் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தார். கிரியாட்டினின் 1.1 என்று வந்தது. ஊரில் உப்பு என்பது இதைத்தான், சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு. எங்கள் ரிப்போர்ட்டில் பெண்களுக்கு அச்சிட்டிருக்கும் அளவு 0.6 முதல் 1.1 வரை. ஆக, அம்புக்குறி கிடையாது, தடித்த எழுத்து கிடையாது. "உப்பு ஏதும் ஏறலையே தம்பி?" என்று கேட்டார்.

அவருடைய மஞ்சப்பையில் பழைய ஃபைல் இருந்தது. கீமோ தொடங்கும் முன் எடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் 0.6. அதுவும் நார்மல். இதுவும் நார்மல். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் சூத்திரம் ஒன்று உண்டு, இஜிஎஃப்ஆர் என்பார்கள். 2021-ல் திருத்தி வெளியிட்ட சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 52 வயதில் 0.6 என்பது ஏறத்தாழ 108. 55 வயதில் 1.1 என்பது 59. அதாவது வடிகட்டும் திறனில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது, இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரு அம்புக்குறிகூட விழவில்லை. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அதற்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்றே பெயர்.

உண்மையில் 59-ஐக்கூட முழுசாக நம்ப முடியாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. புற்றுநோய் வைத்தியத்தில் ஆள் இளைத்து, தொடையும் தோளும் வற்றிப் போனவர்களுக்கு அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். சிறுநீரகம் வெளியேற்றாவிட்டாலும் ரத்தத்தில் அளவு ஏறாத மாதிரி தெரியும். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் 1.1-உம், சுமை தூக்கும் ஒரு இளைஞனின் 1.1-உம் ஒன்றல்ல. தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை இருக்கிறது. எங்களைப் போன்ற சின்ன லேபுகளில் அது கிடையாது, விலையும் கூடுதல். அதை நான் கேட்கவில்லை. இருக்கிற கிரியாட்டினினை ஒழுங்காகப் படித்தாலே போதும் என்கிறேன்.

அதே அம்மாவுக்கு ஊரில் உள்ள துணை சுகாதார நிலையத்தில் சிறுநீரையும் பார்த்திருக்கிறார்கள். 'சிறுநீரகம் காப்போம்' திட்டத்தில்தான். நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த இடம்தான் என் மடலின் மையம்.

2023-ல் நீங்கள் தொடங்கிய அந்தத் திட்டம் நல்ல திட்டம். முகத்துதிக்காகச் சொல்லவில்லை. சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்த்து, புரதம் ஒழுகுவதைக் கிராமத்திலேயே கண்டுபிடிப்பது சாதாரணக் காரியம் இல்லை. சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் வரும் சிறுநீரகக் கோளாறு முதலில் வடிகட்டியைத்தான் தாக்கும். வடிகட்டி ஓட்டையானால் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகும், பட்டை பிடித்துவிடும். ஆனால் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்து பெரும்பாலும் வடிகட்டியைத் தொடுவதில்லை. வடிந்த நீரிலிருந்து உடம்புக்கு வேண்டிய உப்புகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நுண்குழாய்களை அது அரிக்கிறது. அந்தச் சேதத்தில் வடிகட்டும் வேலை குறைந்தாலும் ஆல்புமின் அதிகம் ஒழுகாது. பட்டை நிறம் மாறாது. உங்கள் பணியாளர் செய்தது சரி, பட்டை காட்டியதும் சரி, அந்த அம்மாவின் சிறுநீரகம் மட்டும் சரியில்லை.

சிஸ்பிளாட்டினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் பேர் உடம்பில் ஏறியிருக்கும் கீமோக்களில் அது ஒன்று. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாவில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மின்முனையிலிருந்த பிளாட்டினம் கரைந்து பாக்டீரியா பிளவுபடுவதை நிறுத்தியதைக் கண்டார். அங்கிருந்து பிறந்த மருந்து. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆரம்ப நாட்களிலேயே சிறுநீரகத்தைப் பதம் பார்த்ததால் கிட்டத்தட்டக் கைவிடப்படும் நிலைக்குப் போனது. முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றினால் தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் 1978-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் கீமோ வார்டில் மருந்தைவிட டிரிப்ஸ்தான் அதிக நேரம் ஏறுகிறது என்று நோயாளிகள் அலுத்துக்கொள்வார்கள். காரணம் இதுதான். மெக்னீசியமும் சேர்த்து ஏற்றுவார்கள், ஏனென்றால் அரிபட்ட குழாய் முதலில் ஒழுகவிடுவதில் ஒன்று அது. கீமோ முடிந்து வெகுநாள் கழித்தும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று வருபவர்களில் சிலருக்கு மெக்னீசியம் பார்த்தால் தரையில் கிடக்கும். கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

1999-ல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்டோடு சிஸ்பிளாட்டினையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மருத்துவர்களுக்கு அவசர அறிவிப்பு அனுப்பியது. அதிலிருந்து உலகம் முழுக்க அதுவே நடைமுறை. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் அதே கூட்டு. வெற்றிலையும் புகையிலையும் விடாத எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு நோயும் எத்தனை வீட்டில் நுழைந்திருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்டைக்குக் கரண்ட் வைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். எச்சில்கூட விழுங்க முடியாத வாரங்களில்தான் நிறையத் தண்ணீர் குடி என்று சொல்வார்கள். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இந்த மருந்து ஏறினால் சிறுநீரகம் இரட்டை அடி வாங்குகிறது.

பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை, அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். சிஸ்பிளாட்டின் ஆட்களைக் காப்பாற்றுகிற மருந்து. விதைப்பைப் புற்றுநோய் பரவிய நிலையிலும் பெரும்பாலானோருக்குக் குணமாகும் என்ற நிலையைக் கொண்டுவந்ததே அதுதான். சிறுநீரகம் கெடும் என்று பயந்து கீமோவை விட்டுவிட்டு நாட்டு மருந்து தேடிப் போவது தற்கொலைக்குச் சமம். (அந்த நாட்டு மருந்துகள் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருப்பது தனிக் கதை.) சிறுநீரகத்துக்கு ஆன சேதமும் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. வைத்தியத்தின்போதும் அடுத்த சில மாதங்களிலும் ஒரு படி இறங்கி, அங்கேயே பல வருடம் நின்றுவிடுகிறது. 59-லேயே ஒருவர் ஆயுசு முழுக்க இருந்துவிடலாம்.

சிக்கல், அந்தக் கீழ்ப்படியில் நிற்கிறோம் என்று அவருக்கே தெரியாமல் இருப்பதில் வருகிறது. மேல் படியில் இருப்பவர் தாங்கும் அடியை இவர் தாங்க மாட்டார். எங்கள் ஊர் மெடிக்கலில் "கை கால் வலி, லேசா காய்ச்சல்" என்று சொன்னால் சீட்டு இல்லாமலே ஒரு செட் மாத்திரை கட்டிக் கொடுப்பார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, ஒரு அல்சர் மாத்திரை, சில சமயம் ஒரு ஸ்டீராய்டு. நடவுக் காலத்தில் இடுப்பு வலிக்கு வாரக்கணக்கில் தினம் இரண்டு வேளை போடுகிற பெண்களைத் தெரியும். மேலே சித்திரை வெயில், வரப்பில் தண்ணீர்க் குடம் இருந்தாலும் ஒதுங்க இடமில்லை என்று குடிக்காமல் இருக்கும் பழக்கம். நல்ல சிறுநீரகமே திணறும். போன வருடம் சிஸ்பிளாட்டின் ஏறிய சிறுநீரகம்? அதற்கு மேல் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி, கான்ட்ராஸ்ட் மருந்து போட்டு எடுக்கும் சி.டி. ஸ்கேன் என்று ஒவ்வொன்றும் ஒரு படி இறக்கலாம். அந்த அம்மாவுக்கும் முட்டி வலிக்கு எழுதியிருந்தது அசிக்ளோஃபெனாக்தான். டாக்டர் மேல் தவறில்லை, அவர் கையில் இருந்த தாளில் 1.1 என்றும் அதன் பக்கத்தில் நார்மல் அளவும்தான் இருந்தன.

இன்னொரு ஆபத்து கீமோவோடு சம்பந்தமே இல்லாதது. அடிவயிற்றில் கரண்ட் வைத்த பெண்களுக்குச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் பல வருடம் கழித்துத் தழும்பேறிச் சுருங்கலாம். நோய் திரும்பி வந்து அழுத்தினாலும் இதே அடைப்பு வரும். மேலே சிறுநீரகம் மெதுவாக வீங்கும், பல பேருக்கு வலியே இருக்காது. ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் இன்னொரு சிறுநீரகம் ஈடுகட்டிவிடும், கிரியாட்டினினும் ஏறாது. இங்கே சிறுநீர்ப் பட்டையும் தோற்கும், எங்கள் ரத்தப் பரிசோதனையும் தோற்கும், வயிற்று ஸ்கேன் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். நேரத்தில் தெரிந்தால் உள்ளே ஸ்டென்ட் என்ற சிறு குழாய் ஒன்றை வைத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். தெரியாமல் போனால் அந்தச் சிறுநீரகம் சுண்டிப் போகிறது.

குழந்தைகளைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. சிறுநீரகத்திலேயே வரும் வில்ம்ஸ் கட்டி இன்று நல்ல வசதியுள்ள இடங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குக் குணமாகிறது. ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிடுவார்கள். மிச்சமுள்ள ஒன்று இரண்டு பேர் வேலையையும் செய்து வளரும். எலும்புப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குச் சிஸ்பிளாட்டினோடு சிலருக்கு ஐஃபாஸ்ஃபமைடு என்ற இன்னொரு கீமோ மருந்தும் போகும். இந்த மருந்துக்குச் சிறுநீர்ப்பையைக் காக்க மெஸ்னா என்று ஒரு துணை மருந்து கொடுப்பார்கள், ஆனால் மெஸ்னா சிறுநீரகத்தைக் காப்பதில்லை. நுண்குழாய் சேதமானால் பாஸ்பேட் ஒழுகி, வளரும் பிள்ளைக்கு எலும்பு இளகிக் கால் வளையும். மருந்தின் மொத்த அளவு கூடக்கூட, குழந்தையின் வயது குறையக் குறைய ஆபத்து கூடும். ஏற்கெனவே ஒரு சிறுநீரகம் இல்லாத குழந்தை என்றால் இன்னும் கூடும்.

இந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள். ஐந்து வயதில் பார்த்த வைத்தியத்தைப் பற்றி 25 வயதில் அவர்களுக்குத் தெரிந்தது "சின்ன வயசுல ஒரு கட்டி எடுத்தாங்க" என்பது மட்டும்தான். ஃபைல் ஏதோ ஒரு வீடு மாறும்போது போயிருக்கும். அம்மா அப்பாவும் கல்யாணப் பேச்சுக்குப் பயந்து அதைப் பற்றிப் பேசுவதில்லை. 25 வயதில் ரத்த அழுத்தம் 150 இருந்தால் டென்ஷன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைத் தொடர்ந்து பார்க்கவென்றே தனி கிளினிக் 1991-லிருந்து நடக்கிறது. முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்ற வைத்தியங்களும் உண்டு. அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட், எலும்பு மஜ்ஜை மாற்று, இப்போது வரும் இம்யூனோதெரபி ஒவ்வொன்றும் சிறுநீரகத்தை ஒவ்வொரு விதமாகத் தொடும். பெவாசிசுமாப் மாதிரிச் சில மருந்துகளில் புரதம் ஒழுகும், அங்கே உங்கள் பட்டை நன்றாகவே வேலை செய்யும். அவற்றையெல்லாம் நிபுணர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்களிடம் கேட்பது இது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வரும் சுகாதாரத் தன்னார்வலர் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்கிறார். "கீமோவோ கரண்டோ எப்போதாவது வைத்ததுண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும். ஆம் என்றால் பதிவேட்டில் ஒரு குறி. அந்தக் குறி உள்ளவருக்கு வருடத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும். சிஸ்பிளாட்டினோ ஐஃபாஸ்ஃபமைடோ போயிருந்தால் பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட் ஆகியவற்றை வட்டார அளவிலோ மாவட்ட மருத்துவமனையிலோ பார்க்கலாம். அடிவயிற்றில் கரண்ட் வைத்தவருக்கு ஸ்கேன் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதை உங்கள் சிறுநீரகவியல் பேராசிரியர்கள் முடிவு செய்யட்டும்.

அப்புறம், அரசு ஆய்வகங்களில் எங்கே கிரியாட்டினின் அச்சிட்டாலும் பக்கத்தில் இஜிஎஃப்ஆரும் தானாக அச்சாக வேண்டும். புது ரசாயனம் வேண்டாம், புது மெஷின் வேண்டாம். வயதும் பாலினமும் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கின்றன, சூத்திரத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை. தனியார் லேபுகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் எங்கள் முதலாளிகளும் செய்துவிடுவார்கள். அனுப்பாவிட்டால் செய்ய மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். முடிந்தால் முந்தைய கிரியாட்டினினையும் அதே தாளில் காட்டுங்கள். 0.6-க்குப் பக்கத்தில் 1.1 இருந்தால் சூத்திரம் தெரியாதவருக்கும் கண்ணில் படும்.

மூன்றாவதாக, வைத்தியம் முடிந்து அனுப்பும்போது ஒரு பக்கத் தாள். என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, கரண்ட் எந்த இடத்தில், ஆரம்பத்தில் கிரியாட்டினின் எவ்வளவு, முடிவில் எவ்வளவு. கீழே தமிழில், டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடக் கூடாது என்று ஒரு வரி. அந்த அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயரையும் அளவையும் தேடி எடுக்க எனக்கே நேரம் பிடித்தது. மருத்துவமனைகளுக்கு வேலைப்பளு கூடும் என்பார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவுக்கு அனுமதி கேட்கும்போது எந்த மருந்து, எத்தனையாவது சைக்கிள் (சுற்று) என்று சொல்லித்தானே கேட்கிறார்கள்? பணம் கொடுக்கும்போது விவரத்தை வாங்கிக்கொள்ளும் அரசு, கடைசி சைக்கிளுக்கான பணத்தை இந்த ஒரு தாள் வந்த பிறகு விடுவிக்கலாம்.

செலவு என்று யாராவது எழுந்தால், எங்கள் லேபில் கிரியாட்டினினுக்கு 100, 150 ரூபாய்தான் வாங்குகிறோம். அதிலும் லாபம் இருக்கிறது. சிறுநீரகம் முழுசாகப் படுத்தால் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அந்தச் செலவை ஏற்பதும் உங்கள் காப்பீட்டுத் திட்டம்தான், வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பையைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் உங்கள் மக்களைத் தேடி மருத்துவம்தான். அதே தன்னார்வலர் சில வருடம் முன்னதாக ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு போகட்டும் என்கிறேன்.

எங்கே தொடங்குவது என்றால், 2023 நவம்பரில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களைக் கண்டறியும் திட்டத்தை ஈரோடு, ராணிப்பேட்டை, கன்னியாகுமரி, திருப்பத்தூர் மாவட்டங்களில் தொடங்கினீர்கள். அங்கே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பலர் இதற்குள் வைத்தியம் முடித்திருப்பார்கள். பெயரும் முகவரியும் உங்களிடமே இருக்கின்றன. அவர்களில் கீமோ போனவர்களுக்கு மட்டும் இந்த வருடம் கிரியாட்டினின் எடுத்து, பழைய அளவோடு ஒப்பிட்டு, எத்தனை பேர் 60-க்குக் கீழே நிற்கிறார்கள் என்று அடுத்த மானியக் கோரிக்கையின் கொள்கை விளக்கக் குறிப்பில் வெளியிடுங்கள். எண்ணிக்கை குறைவாக வந்தால் எனக்கும் சந்தோஷம்தான், கோரிக்கையின் மீதியை நீங்கள் ஒதுக்கி வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர் மாவட்டம்.